சலவைக்கல்லில் ஒரு ஓட்டை

மாப்ளே,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு, அடுப்படிப் பக்கம் கொஞ்ச நாள் போகவே விடாதே. இங்கே மிலானில் எல்லோரும் நலம். சின்னவள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

புது வாடகை வீட்டில் வெளிச்சம் பத்தவில்லை என்று போன தடவை எழுதியிருந்தேன் இல்லையா, அதற்கு ஒரு வழி பிறந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். விஷயம் இதுதான்: கூரையில் லைட் பாயின்ட் ஹாலின் நடுவில் இருக்கிறது, சாப்பாட்டு மேசையோ ஜன்னலோரத்தில். மேசைக்கு மேலே விளக்கு தொங்கவேண்டும் என்றால் சீலிங்கில் துளை போடவேண்டும். வீட்டுக்காரர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார். சின்னவள் இரண்டு மாதமாகத் தன் நிழலிலேயே வீட்டுப்பாடம் எழுதினாள்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரின் வீட்டைக் காலி செய்தார்கள். அங்கே ஒரு மூலையில் நின்றது ஆர்க்கோ என்கிற விளக்கு. இத்தாலிய மொழியில் வில் என்று அர்த்தம், பார்த்தால் நீயே அந்தப் பெயரைத்தான் வைப்பாய். அக்கிலே காஸ்திலியோனி, பியர் ஜாகோமோ காஸ்திலியோனி என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், இதே ஊர்க்காரர்கள், 1962ல் வடிவமைத்தது. ஃப்ளோஸ் கம்பெனி இன்றைக்கும் அதைச் செய்து விற்கிறது. அவர்கள் முன்னால் இருந்த கேள்வியும் என் கேள்வியேதான் மாப்ளே: கூரையைத் தொடாமல் மேசைக்கு மேலே வெளிச்சம் கொண்டுவருவது எப்படி? தெருவிளக்கு அதைத்தானே செய்கிறது, ஓரத்தில் நின்றுகொண்டு நடுரோட்டுக்கு வெளிச்சம் தருகிறது. அதையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கம்பம் மேசையை ஒட்டி நின்றால் ஆள் நடக்க முடியாது, பரிமாற முடியாது என்பதால் அதை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, அங்கிருந்து ஒரு ஸ்டீல் வில்லை வளைத்து, அதன் நுனியில் விளக்கை வைத்தார்கள்.

அவ்வளவு தூரம் நீண்டால் குடைசாயாதா என்று நீ கேட்பாய். அதற்குத்தான் அடியில் இத்தாலியின் கராரா ஊர்ச் சலவைக்கல், ஏறக்குறைய 65 கிலோ. முதலில் கான்கிரீட்தான் போடலாம் என்று யோசித்தார்களாம். அதே எடைக்குச் சலவைக்கல் குறைவான இடத்தில் அடங்கும் என்பதால் கல்லுக்கு மாறினார்கள். நான் முதலில் அது பணக்காரத்தனத்துக்காகப் போட்ட கல் என்றுதான் நினைத்திருந்தேன், காரணம் தெரிந்ததும் அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. கல்லின் விளிம்புகளைச் சீவி மழுக்கியிருப்பதும் அழகுக்காக இல்லை, போகிற வருகிறவர்கள் காலில் இடித்துக்கொள்ளாமல் இருக்க.

கல்லின் நடுவில் குறுக்கே ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது. துடைப்பக்கட்டை நுழைகிற அளவு. கட்டையை உள்ளே விட்டு ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினால் கல் கிளம்பிவிடும், அதற்காகவே போட்ட ஓட்டை. எங்கள் லிஃப்டில் இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாது, அதனால் நானும் கீழ்வீட்டுக்காரரும் மூன்று மாடி படியேறினோம். முதல் மாடியிலேயே என் துடைப்பக்கட்டை படார் என்று விரிசல் விட்டது. நல்லவேளை, கல்லைப் படியில் இறக்கிவிட்டோம். அவர் போய்த் தண்ணீர்க்குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார், அதை விட்டுத் தூக்கியதும் பல்லக்குத் தூக்குகிற மாதிரி ஆடி ஆடி ஏறிவிட்டது. இந்த ஓட்டை மட்டும் இல்லாவிட்டால் வழவழப்பான அந்தக் கல்லில் கை வைக்கப் பிடிமானமே கிடையாது. விளக்கை வடிவமைக்கும்போதே அதைத் தூக்கப்போகிற இரண்டு பேரையும் நினைத்திருக்கிறார்கள் பார், எனக்கு அதுதான் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் வயர். இது உன் துறை. வில் மூன்று துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று நழுவுகிற மாதிரி இருக்கிறது, இழுத்தால் நீளும். வயர் அதற்குள்ளேயே ஓடுகிறது. பழைய வயர் மேல்தோல் காய்ந்து, வளைத்தால் முறுக்கு மாதிரி நொறுங்கியது. பாலிடெக்னிக் நாளில் நீ செய்வாயே, அதே மாதிரி பழைய வயரின் வாலில் புது வயரை முடிச்சுப் போட்டு, டேப் சுற்றி, மனைவி ஒரு முனையில் கொடுக்க நான் மறுமுனையில் இழுத்தேன். வளைவில் இரண்டு இடத்தில் சிக்கியது, மற்றபடி வந்துவிட்டது.

விளக்கின் மூடி, தகட்டைச் சுழலவிட்டு அமுக்கி வடிவம் கொடுத்த அலுமினியம், இரண்டு பாகம். மேல்பாகத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள், பல்பின் சூடு வெளியே போவதற்கு. கீழ்ப்பாகம் வளையம் மாதிரி மேல்பாகத்தைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருக்கிறது, வேண்டிய பக்கம் சாய்த்துக்கொள்ளலாம். ராத்திரி அந்த ஓட்டைகள் வழியாகக் கசிகிற வெளிச்சம் சீலிங்கில் புள்ளி புள்ளியாக விழுகிறது, சின்னவள் அண்ணாந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இதற்கு நகல்கள் ஏராளம். ஒரு நகலைப் பற்றிய வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2011ல் தீர்ப்பு வந்தது. நகல் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அசல் விலை அப்படி. எனக்கு இது பழசாக, கல்லில் கறையோடு கிடைத்ததால்தான் கட்டுப்படியானது. யாரோ எலுமிச்சை பிழிந்த கிளாஸை அதன்மேல் வைத்திருக்கவேண்டும், ஒரு வட்டம் பளபளப்பு போய் மங்கிக் கிடக்கிறது. பாலிஷ் போட்டால் போகும் என்றார்கள். போடவில்லை, இருக்கட்டும்.

ஒரே ஒரு சந்தேகம். பழைய வயரில் எர்த் இல்லை, இரண்டு கோர்தான், அதாவது உள்ளே இரண்டே கம்பி. உடம்பெல்லாம் உலோகமாக இருக்கிறதே என்று மூன்று கோர் வயர் போட்டு, தண்டின் அடியில் ஒரு ஸ்க்ரூவில் எர்த் பிடித்திருக்கிறேன். வில் துண்டு துண்டாக இருப்பதால் நுனி வரை எர்த் ஒழுங்காகப் போகுமா, இல்லை மேலே மூடியிலும் தனியாக ஒன்று பிடிக்கவேண்டுமா? படம் அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல். நீ சொல்லும்வரை சின்னவளை அதைத் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.