ஈரத்தையும் கணக்கெடுங்கள்

ஆசிரியருக்கு,

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியல் பணி பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2011 கணக்கெடுப்பில் வீட்டின் நிலை நல்லது, வசிக்கத்தக்கது, பாழடைந்தது என மூன்றாகவே பிரிக்கப்பட்டது. சமவெளிக்கு அது போதலாம், நீலகிரிக்குப் போதாது. இங்கே வீட்டைக் கெடுப்பது ஈரம். மண்மேட்டை வெட்டிக் கட்டிய லயன் வீட்டின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பின்சுவரில் தரையிலிருந்து மூன்றடி வரை காரை உப்பிப் பெயர்ந்திருக்கும். சுண்ணாம்பு அடித்த முன்சுவரோ பளிச்சென்று நிற்கும். படிவத்தில் அது ‘நல்லது’.

ஈரத்தைக் கண்டறிவது பெரிய வித்தையல்ல. ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒருநாள் விட வேண்டும். சுவரைத் தொடும் பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்தால் அது கசிவு. அறைப்பக்கம் கோத்தால் காற்றோட்டக் குறை. முன்னதற்குப் பின்பக்க வடிகால் வேண்டும். பின்னதற்கு ஜன்னலும் புகைபோக்கியும் அநேகமாகப் போதும். இரண்டுக்கும் பெயிண்ட் அடிப்பதுதான் இங்குள்ள வழக்கம்! வெயில் காலக் கணக்கில் இது தெரியாது. கூடலூரில் ஆடியிலும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசியிலும் வார்டுக்குப் பத்து வீடுகளிலாவது மாவட்ட நிர்வாகம் இச்சோதனையைச் செய்து, தேறாத வீடுகளின் எண்ணிக்கையை வெளியிடலாம்.

– ஒரு வாசகர், குன்னூர்