பூக்கட்டும் விரலுக்கும் ஆய்வு நிதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் 14 ஆண்டுகளாக இயன்முறைச் சிகிச்சை (பிசியோதெரபி) அளித்துவருகிறேன். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன பூக்கார அம்மா ஒருவருக்கு, கைப்பயிற்சிக்கு அழுத்தும் ரப்பர் பந்துக்குப் பதிலாக ஒரு கிண்ணம் மல்லிகை மொட்டும் வாழைநாரும் கொடுத்தேன். முதல் நாள் மூன்று மொட்டுகூட நாரில் நிற்கவில்லை. நான்காம் மாதம் ஒரு முழம் கட்டி என் மேசையில் வைத்தார்.

பந்தைவிட மொட்டு மேலா? ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. நாற்பது பேரை இரு குழுவாகப் பிரித்து அளந்து பார்க்க வேண்டும். அதற்குக் கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவி வேண்டும். பஸ் படி ஏற முடியாதவர்களுக்கு ஆட்டோ வாடகை வேண்டும். என்னிடம் பாதியில் நின்றுபோகிறவர்களில் பலர் இந்த வாடகைக்கு வழியில்லாதவர்கள்தான்.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. மனம் நிறைந்து பாராட்டுகிறேன். எந்தப் பயிற்சி எவருக்குப் பலன் தருகிறது என்று கண்டறியவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும். சில லட்சம் ரூபாய் போதும். கல்லூரிக்கு வெளியே சிற்றூர்களில் வேலை செய்கிறவர்களும் தமிழிலேயே விண்ணப்பிக்க வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.