அப்பத்தாவிடம் போனில் பேசும்போது

அன்புள்ள செந்திலுக்கு,

"அப்பத்தா நல்லாத்தானே பேசுது, இதுக்கா அல்சைமர் மறதி நோய்னு சொல்றாங்க?" என்று கேட்டிருந்தாய். "சாப்பிட்டியா, வேலையெல்லாம் எப்படிப் போகுது" என்பதெல்லாம் ஆயுசு முழுக்கப் பழகிய பேச்சு. அது ரொம்ப நாள் நிற்கும். உச்சரிப்பும் வாக்கிய அமைப்பும்கூட வெகுகாலம் கெடாது. முதலில் அடிவாங்குவது பெயர்கள்தான். கைக்கடிகாரத்தைக் காட்டினால், "அதான், மணி பாக்குறது" என்பார். பொருள் தெரிகிறது, பெயர் வாயில் வருவதில்லை. ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த விலங்குகளையெல்லாம் சொல்லச் சொன்னால் மாடு, ஆடு, நாய், மறுபடியும் மாடு என்று நின்றுவிடும்.

1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில், இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த டாக்டர் அல்சைமர் பரிசோதித்த ஆகஸ்டே டெட்டர் என்ற பெண், காலிஃபிளவரைச் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கீரை என்றார். பிசகு அநேகமாக இப்படி ஒரே இனத்துக்குள்தான் நடக்கும். அதனால் அப்பத்தா உன்னை உன் சித்தப்பா பெயரில் கூப்பிட்டால் மனம் நோகாதே.

"நான் யாருன்னு சொல்லு பாப்போம்" என்று மட்டும் கேட்கவே கேட்காதே. இல்லாத பெயரைத் தேடவிட்டுத் தவிக்கவைப்பது அது. "அப்பத்தா, செந்தில் பேசுறேன்" என்று நீயே ஆரம்பி. "என்ன சாப்பிட்ட?" என்பதைவிட "இட்லியா, தோசையா?" என்று கேள். அப்போது தேட வேண்டியதில்லை, இரண்டில் ஒன்றை எடுத்துச் சொன்னால் போதும். "அவன் வந்தானா?" வேண்டாம், "முருகன் வந்தானா?" என்று கேள். கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணு. பதில் வரவில்லையென்றால் அதே வார்த்தைகளில் இன்னொரு தரம் கேள். மாற்றிக் கேட்டால் அவருக்கு அது புதுக் கேள்வி, யோசித்ததெல்லாம் கலைந்துவிடும்.

வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். நம் பேச்சில் வினை கடைசியில்தான் வரும், "நேத்து பக்கத்து வீட்டுக்காரர் ஊர்லேர்ந்து கொண்டுவந்த..." என்று நீட்டினால் முடிவதற்குள் தொடக்கம் நழுவிவிடும். குழந்தையிடம்போல் இழுத்து இழுத்துப் பேசினாலும் இதே கதிதான். பெயர் மாற்றிச் சொன்னால் திருத்தாதே, உன் பதிலில் சரியான பெயரைச் சேர்த்துவிடு.

இந்த நோய் பேச்சை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்தான் குறைக்கும். நேற்றுவரை பேசியவர் இன்று திடீரென்று குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, பக்கவாதமோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். வார இறுதி வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே எனக்குக் கூப்பிடு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சாயங்காலமானால் குழப்பம் கூடுகிறது. இங்கே காலை பத்து மணிக்குப் பேசு. டிவியை அணைத்து, காது மிஷினை மாட்டிவிட்டுப் போனைக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா