பிட்யூட்டரி ஆய்வுச் செய்திகளில் விடுபடுபவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறுகளுக்கான புதிய மருந்துகள், புதிய பரிசோதனைகள் பற்றிய செய்திகள் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் வருவது மகிழ்ச்சியே. ஆனால் அவற்றில் பல, ‘இத்தனை சதவீதம் பேருக்குப் பலன்’ என்ற ஒற்றை எண்ணோடு முடிந்துவிடுகின்றன. இந்தத் துறையில் அது போதாது. ரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, எந்த முறையில் அளக்கப்பட்டது, நோயாளி அப்போது வேறு என்ன மருந்து எடுத்துக்கொண்டிருந்தார் என்ற மூன்றும் தெரிந்தால்தான் ஒரு ஹார்மோன் அளவுக்குப் பொருள் உண்டு. செய்தி எழுதுவோர் இவற்றைக் கேட்டு எழுத வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிட்யூட்டரி சுமார் அரை கிராம் எடையுள்ள, பட்டாணி அளவுச் சுரப்பி. அதன் ஹார்மோன்கள் நாள் முழுவதும் ஒரே சீராகச் சுரப்பதில்லை. அதன் கட்டளைப்படி, சிறுநீரகங்களுக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும். அதனால் குறைபாட்டைத் தேடுவதற்குக் காலை ரத்தம். மிகுதியைத் தேடுவதற்கு நள்ளிரவு உமிழ்நீர். மாலை 4 மணிக்கு எடுத்த கார்டிசால் அளவு இரண்டுக்குமே உதவாது. காலை 8 முதல் 9 மணிக்குள் எடுத்த ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றும், 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் குறைபாடு இல்லை என்றும் கொள்ளலாம். இடைப்பட்ட அளவுகளுக்கு, சுரப்பியைத் தூண்டிவிட்டு அளக்கும் பரிசோதனை தேவைப்படும். ஏற்கெனவே கார்டிசாலுக்கு ஈடாகத் தரும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் இடையே 18 முதல் 24 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் லேப் அளப்பது அவர் விழுங்கிய மாத்திரையைத்தான்.

கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய்க்கான முதல்நிலைப் பரிசோதனை, கேட்பதற்கு மிக எளிது. இரவு 11 முதல் 12 மணிக்குள் கார்டிசால் சுரப்பை அடக்கும் ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் 1 மில்லிகிராம் சாப்பிட வேண்டும், மறுநாள் காலை 8 முதல் 9 மணிக்குள் ரத்தம் எடுக்க வேண்டும், கார்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல் அடங்கியிருந்தால் இயல்பு. தவறு நேரும் இடங்கள்தான் பல. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, ரத்தத்தில் கார்டிசாலைச் சுமந்து செல்லும் புரதத்தைக் கூட்டிவிடும். மொத்த அளவு பொய்யாக ஏறும். இதற்காகவே 6 வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாசிபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை டெக்சாமெத்தசோனைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும். மருந்து போதாமல் கார்டிசால் அடங்காது, நோய் இல்லாதவருக்கு நோய் இருப்பதுபோல் தோன்றும். கார்டிசாலோடு டெக்சாமெத்தசோன் அளவையும் அதே ரத்தத்தில் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். உமிழ்நீர்ப் பரிசோதனையிலும் கவனம் வேண்டும். பல் துலக்கி ஈறில் ரத்தம் கசிந்தாலோ, முன்னதாகப் புகைபிடித்தாலோ, ஸ்டீராய்டு களிம்பு தடவிய விரலால் உமிழ்நீர் எடுக்கும் பஞ்சைத் தொட்டாலோ அளவு கெட்டுப்போகும். இரவுப் பணி செய்பவரின் உடல் கடிகாரமே மாறியிருக்கும் என்பதால் அவருக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மூட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர், நெடுநாள் தடவிய களிம்பு என எதுவும் உடலின் சொந்த கார்டிசாலை அடக்கிவிடக்கூடும். ‘வேறு மருந்து ஏதாவது?’ என்று பொதுவாகக் கேட்டால் நோயாளி இவற்றை மருந்தாகவே நினைக்க மாட்டார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

வளர்ச்சி ஹார்மோன் மிகையால் கை, கால், தாடை பெருக்கும் அக்ரோமெகாலியில் இன்னொரு சிக்கல். வளர்ச்சி ஹார்மோன் அலை அலையாகச் சுரப்பது. ஒரு நேரத்து ரத்தத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான், அதன் தூண்டுதலால் கல்லீரலில் உருவாகும் ஐ.ஜி.எஃப்-1 அளவைப் பார்க்கிறோம். அது வயதோடு குறைந்துகொண்டே வரும் என்பதால், 25 வயதுக்காரரின் இயல்பு அளவு 65 வயதுக்காரருக்கு மிகுதியாகிவிடலாம். கல்லீரல் நோய், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, ஊட்டச்சத்துக் குறைவு, வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ஆகியவை அதைப் பொய்யாகக் குறைக்கும். ஒரு லேப் கிட்டின் அளவும் இன்னொரு கிட்டின் அளவும் ஒத்துப்போகாது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு வெவ்வேறு லேப்களில் எடுத்த ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்து ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டுவது பெரிய பிழை. ஊசியையே முதலில் சந்தேகிக்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. வளர்ச்சி ஹார்மோனை அடக்க மாதம் ஒருமுறை போடும் ஆக்ட்ரியோடைடு ஊசியைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். கலக்கியதும் உடனே போட வேண்டும். தாமதித்தால் துகள் படிந்து ஊசி அடைத்துக்கொள்ளும். இடுப்புத் தசையின் ஆழத்தில் இறங்காமல் கொழுப்பிலேயே நின்றுவிட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

பால் சுரப்பைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டின் பற்றி இரண்டே செய்திகள். மூன்று சென்டிமீட்டருக்கும் பெரிய கட்டி இருந்தும் புரோலாக்டின் சற்றே கூடியிருந்தால், ரத்தத்தை நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்; ஹார்மோன் மிதமிஞ்சிப் போகும்போது சில கிட்டுகள் திணறிக் குறைத்துக் காட்டும். அறிகுறியே இல்லாமல் அளவு மட்டும் கூடியிருந்தால், அது செயலற்ற பெரிய மூலக்கூறான மேக்ரோபுரோலாக்டினா என்று பார்க்க வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் விற்கும் பயோட்டின் மாத்திரையும் பல ஹார்மோன் அளவீடுகளைக் கூட்டியோ குறைத்தோ காட்டவல்லது. பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

இனி, மருந்து ஆய்வுகளுக்கு வருவோம். குஷிங் நோய்க்கான ஆசிலோட்ரோஸ்டாட் மாத்திரையின் மூன்றாம் கட்ட ஆய்வு 2020-ல் வெளியானது. 137 பேர் சேர்ந்தார்கள். முதல் 24 வாரம் அனைவருக்கும் மருந்து தரப்பட்டது. கார்டிசால் கட்டுக்குள் வந்தவர்களை மட்டும் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் 8 வாரம் கொடுத்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 29 சதவீதம் பேருக்கும் கார்டிசால் கட்டுக்குள் நின்றது. இதை ‘86 சதவீத நோயாளிகளுக்குப் பலன்’ என்று எழுதினால் தவறு. அந்த 86, ஏற்கெனவே மருந்துக்கு இணங்கியவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 36 பேரில் 31 பேர். இப்படிப்பட்ட அமைப்பை ஆய்வாளர்கள் தேர்ந்ததில் குற்றமில்லை. ஆபத்தான நோயுள்ளவரைத் தொடக்கத்திலிருந்தே மாதக்கணக்கில் வெற்று மாத்திரையில் வைத்திருப்பது நியாயமாகாது. ஆனால் அந்த எண் எந்தக் கேள்விக்கான பதில் என்பதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். அதே ஆய்வில் 51 சதவீதம் பேருக்குக் கார்டிசால் தேவைக்கும் கீழே இறங்கியது. 86-ஐ எழுதுபவர் 51-ஐயும் எழுத வேண்டும்.

இங்கே அளவீட்டுப் பிரச்சினை உயிருக்கே உலை வைக்கக்கூடியதாகிறது. இந்த மருந்தும் மெட்டிராபோன் என்ற இன்னொரு மருந்தும் கார்டிசால் உற்பத்தியின் கடைசிப் படியைத் தடுப்பவை. அதற்கு முந்தைய படியிலுள்ள 11-டிஆக்சிகார்டிசால் ரத்தத்தில் தேங்கும். எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் சாதாரண இம்யூனோஅஸ்ஸே கிட்டுகள் சில, அதையும் கார்டிசால் என்று எண்ணிக் காட்டும். ரிப்போர்ட்டில் கார்டிசால் கூடுதல், உடலில் பற்றாக்குறை. அதை நம்பி மருந்தைக் கூட்டினால் நோயாளி மயங்கி விழுவார். மூலக்கூறுகளை எடையால் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் அளந்தால் இந்தத் தவறு நேராது. ஆகவே எந்த முறையில் அளந்தார்கள் என்ற கேள்வியைத் தொழில்நுட்ப நுணுக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒரு பரிசோதனை எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு நல்ல உதாரணம், உடலின் நீரைக் காக்கும் வாசோபிரசின் ஹார்மோனோடு சேர்ந்தே சுரந்து அதன் அளவைக் காட்டும் கோபெப்டின். ஒருவர் நாளெல்லாம் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்து, அதே அளவு சிறுநீர் கழிக்கிறார். பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வரும் வாசோபிரசின் குறைந்ததாலா, பழக்கத்தால் அதிகம் குடிப்பதாலா? பழைய வழி, மணிக்கணக்கில் தண்ணீர் தராமல் வைத்துச் சிறுநீர் அடர்த்தியைப் பார்ப்பது. 2018-ல் வெளியான ஆய்வில் அந்த வழி 76.6 சதவீதம் பேருக்கே சரியான விடை தந்தது. 3 சதவீத உப்பு நீரை நரம்பில் ஏற்றி, சோடியம் 150 மில்லிமோலை எட்டியதும் கோபெப்டினை அளக்கும் வழி 96.5 சதவீதம் பேருக்குச் சரியாக இருந்தது. லிட்டருக்கு 4.9 பிகோமோலுக்கு மேல் போனால் ஹார்மோன் போதுமானதாக இருக்கிறது என்று பொருள். ஆனால் உப்பு நீர் ஏற்றும்போது தலைவலி, குமட்டல், தாங்க முடியாத தாகம் எல்லாம் வரும். அரை மணிக்கு ஒருமுறை சோடியம் பார்க்க வேண்டும். வலிப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவருக்குச் செய்யக் கூடாது. எனவே 2019-ல் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை ஏற்றிச் செய்யும் எளிய பரிசோதனை 93 சதவீதம் துல்லியம் என்று வந்தபோது எல்லோருக்கும் நிம்மதி. அதே ஆய்வுக் குழு அத்தோடு விட்டுவிடவில்லை. ஒரே நோயாளிகளுக்கு இரண்டையும் செய்து ஒப்பிட்டு 2023-ல் முடிவை வெளியிட்டது: உப்பு நீர் 95.6, அர்ஜினைன் 74.4. தங்கள் எளிய வழி பழைய தண்ணீர் தராத முறையின் துல்லியத்துக்கே இறங்கிவிட்டதைத் தாங்களே அச்சிட்டார்கள். அந்த நேர்மை எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. 2019-ன் செய்தி மட்டும் வாசகர் நினைவில் நின்றுவிடக் கூடாது.

ஆய்வில் சேர அழைக்கப்படும் வாசகர்கள் ஒப்புதல் படிவத்தில் தேட வேண்டியவை சில. இப்போதைய மருந்தை எத்தனை வாரம் நிறுத்தி வைப்பார்கள்? அந்த இடைவெளியில் நோய் முற்றினால் மீட்பு மருந்து என்ன? ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? கார்டிசால் குறைந்தால் இரவு 2 மணிக்கு யாரை அழைப்பது? கார்டிசால் குறைபாடு உள்ளவர் காய்ச்சல் வந்தால் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே போட வேண்டும், அதன்பின் மருத்துவமனை. இதை எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்க வேண்டும். தைராய்டும் கார்டிசாலும் சேர்ந்து குறைந்தவருக்கு ஹைட்ரோகார்ட்டிசோனைத் தொடங்காமல் தைராக்சினைத் தொடங்கினால் நெருக்கடி வரும். அவருக்கு, தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச். அளவை வைத்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பயனற்றது. கட்டளை தரும் சுரப்பியே பழுதாகியிருக்கிறது. தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 அளவைத்தான் பார்க்க வேண்டும்.

நீண்டகாலக் கண்காணிப்பு உண்டா என்றும் கேளுங்கள். இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்த வளர்ச்சி ஹார்மோனைக் குள்ளமான குழந்தைகளுக்குத் தருவது 1950-களின் இறுதியில் தொடங்கியது. குழந்தைகள் வளர்ந்தார்கள், பலன் கண்கூடு. 1985-ல்தான், அதைப் பெற்ற இளைஞர்கள் சிலர் மூளையை அழிக்கும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயால் இறந்தது தெரிந்து விநியோகம் நிறுத்தப்பட்டது. உலக அளவில் 200-க்கும் மேற்பட்டவர்கள் அந்நோய்க்கு ஆளானார்கள். சிலருக்கு ஊசி நிறுத்தி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது வெளிப்பட்டது. ஓராண்டு ஆய்வில் இது தெரிந்திருக்க வழியே இல்லை. இன்றைய வளர்ச்சி ஹார்மோன் ஆய்வகத்தில் தயாராவது. அதற்கு அந்த ஆபத்து இல்லை என்பதையும் பெற்றோர்களுக்காகச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகச் சொற்கள். பிட்யூட்டரிக் கட்டியை ‘மூளைக் கட்டி’ என்று தலைப்பிடாதீர்கள். சுரப்பி மூளைக்கு அடியில் எலும்புக் குழிக்குள் இருக்கிறது. அதில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோயும் அல்ல. வாசோபிரசின் குறைபாட்டைத் தமிழில் ‘வெல்லமில்லா நீரிழிவு’ என்று எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். ‘டயாபடீஸ் இன்சிபிடஸ்’ என்ற அதன் பழைய ஆங்கிலப் பெயரில் டயாபடீஸ் என்ற சொல்லைப் பார்த்துச் சர்க்கரை நோய் என்றே எண்ணிய மருத்துவமனை ஊழியர்கள் வாசோபிரசினுக்கு ஈடான டெஸ்மோபிரசின் மருந்தைத் தராமல் விட்டு நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். 2022-ல் சர்வதேச ஹார்மோன் மருத்துவச் சங்கங்கள் பெயரையே மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். நீரிழிவு என்ற தமிழ்ச் சொல்லும் அதே குழப்பத்தைத்தான் தரும். ‘வாசோபிரசின் குறைபாடு’ என்றே அச்சிடுங்கள். சில ஆண்டுகளுக்குப் பழைய பெயரையும் அருகில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஹார்மோன் நோய் ஆய்வுப் பணியில் உள்ள வாசகர்கள்