பாதிப் பேருக்கு இல்லை என்பதையும் எழுதியிருக்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் 'முதுமையில் மனச்சோர்வா? அடுத்தது மறதி நோய்தான்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதை என் அம்மா படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்போ எனக்கும் அதுதான் வரப்போகுதா?" என்று கேட்டார். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நீங்கள் சொன்ன அந்த ஜப்பான் ஆய்வைத் தேடிப் பிடித்துப் படித்தேன். படித்ததும் ஆய்வு மேல் கோபம் வரவில்லை, உங்கள் தலைப்பு மேல்தான் வந்தது.

2025-ல் வெளிவந்த ஆய்வு அது. சிபா நகரில் உள்ள குவாண்டம் அறிவியல் தொழில்நுட்ப தேசிய நிறுவனத்தில், நாற்பதைத் தாண்டிய பிறகு மனச்சோர்வோ, மனம் அளவுக்கு மீறித் துள்ளுவதும் சோர்வதுமாக மாறும் இருதுருவ மனநோயோ வந்த 52 பேருக்கும், அப்படி எதுவும் இல்லாத 47 பேருக்கும், மூளையில் படியும் புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் சுமார் பாதிப் பேர் மூளையில், மறதி நோயோடு தொடர்புள்ள டௌ என்ற புரதம் படிந்திருந்தது, மற்றவர்களில் சுமார் 15 சதவீதம். சின்ன விஷயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதிப் பாதிப் பேருக்கு இல்லையே! நன்றாக இருந்தவர்களிலும் ஏழு பேரில் ஒருவருக்கு இருந்திருக்கிறதே! அந்தப் படம் அன்றைக்கு மூளை எப்படி இருந்தது என்பதைத்தான் காட்டும், நாளைக்கு யாருக்கு மறதி நோய் வரும் என்று ஜோசியம் சொல்லாது.

இன்னொன்று, கட்டுரைக்குப் பக்கத்தில் ஒரு எம்ஆர்ஐ படத்தைப் போட்டிருக்கிறீர்கள். டௌ எம்ஆர்ஐயில் தெரியாது சார். மூளை சுருங்கியிருக்கிறதா, சின்ன ரத்தக்குழாய்கள் அடைபட்டு வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருக்கிறதா என்பதெல்லாம்தான் அதில் தெரியும். இதில் போய் இவ்வளவு பிடிவாதமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததே இதனால்தான்.

அப்பா போன பிறகு அம்மா மெல்ல மெல்ல ஒடுங்கிப்போனார். ஃபில்டரில் டிகாக்ஷன் போடுவதை விட்டார், கேஸை அணைக்க மறந்தார், எது கேட்டாலும் "தெரியலப்பா" என்பார். எம்ஆர்ஐ எடுத்தோம். 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்று ரிப்போர்ட் வந்தது. அதைப் பார்த்த டாக்டர் ஒருவர், வயசாயிடுச்சு, மறதி ஆரம்பம், அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார். நாங்களும் நம்பி நான்கு மாதம் சும்மா இருந்தோம், அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் போன மனநல மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவோடு முக்கால் மணி நேரம் பேசினார். தைராய்டு, பி12 பார்க்கச் சொன்னார். மறதி நோய்க்காரர்கள் பெரும்பாலும் தெரியாததை மூடி மறைத்துச் சமாளிப்பார்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் முயற்சியே செய்யாமல் தெரியாது என்று விட்டுவிடுவார்கள் என்று எனக்கு விளக்கினார். மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது மாதம் பால் கணக்கில் இருந்த தப்பை அம்மாவே கண்டுபிடித்துச் சொன்னார்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. இப்படித் தேறி வருகிறவர்களுக்கும் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், அதனால் வருடா வருடம் நினைவாற்றல் பரிசோதனைக்கு வாருங்கள் என்று அந்த மருத்துவரே சொல்லியிருக்கிறார். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் போட்ட, மறதி நோய்க்கான 14 காரணங்கள் பட்டியலில் மனச்சோர்வும் இருக்கிறது. ஆனால் அது நாம் கைவைத்து மாற்றக்கூடிய காரணங்களின் பட்டியல். காது கேளாமையும் அதில் உண்டு (அம்மாவின் காது மெஷின் இன்னும் டப்பாவில்தான் தூங்குகிறது, அது தனிக்கதை). வயதானவர் சோர்ந்து உட்கார்ந்தால் சீக்கிரம் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்பதற்குத்தான் அந்த ஆய்வு துணை நிற்கிறது. உங்கள் தலைப்பைப் படிக்கிறவர், எப்படியும் வரத்தான் போகிறது, மாத்திரை எதற்கு என்று கேட்பார். அம்மா திங்கட்கிழமை காலை அதைத்தான் கேட்டார்.

முடிந்தால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். உங்கள் பத்திரிகையை முதலில் பிரிப்பது எங்கள் வீட்டில் அம்மாதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி