மூன்று முறை திரும்பக் கேட்ட விமானிக்கு

அன்புள்ள விமானிக்கு,

வணக்கம். உங்கள் பெயரும் முகமும் எனக்குத் தெரியாது. குரல் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அந்த மழை இரவில் ரேடியோவின் மறுமுனையில் இருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் நான்தான்.

உங்களைப் பதினோராயிரம் அடிக்கு இறங்கச் சொன்னேன். இரைச்சலில் கேட்கவில்லை என்றீர்கள். மறுபடி சொன்னேன். ஒரு கணம் மௌனம். பிறகு, "எங்களில் ஒருவருக்குப் பத்து என்று கேட்டது, ஒருவருக்குப் பதினொன்று என்று கேட்டது. திரும்பச் சொல்லுங்கள்" என்றீர்கள். அதே அலைவரிசையில் ஆறேழு விமானங்கள் என் பதிலுக்குக் காத்திருந்தன. நான் கடுகடுத்தேன். பட்டனை அழுத்திப் படபடவென்று எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த விமானத்தை அழைக்கப் போனேன். நீங்கள் குரலை உயர்த்தாமல் மூன்றாவது முறையும் கேட்டீர்கள். அப்போதுதான் முன்னால் இருந்த துண்டுச் சீட்டில் பேனா முனையை வைத்து, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன்: "ஒன், ஒன், தவுசண்ட்." நீங்கள் அப்படியே திருப்பிச் சொன்னீர்கள். நன்றி சொல்லி இறங்கினீர்கள்.

பணி முடிந்து பதிவைப் போட்டுக் கேட்டேன். எரிச்சலோடு நான் சொன்னது "ஒன் ஸீரோ". பத்தாயிரம் அடியில் உங்கள் பாதைக்குக் குறுக்கே வேறொரு விமானம் வந்துகொண்டிருந்தது. தவறு உங்கள் காதில் இல்லை, என் வாயில் இருந்தது.

அன்று முதல், 1989 பிப்ரவரியில் கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய சரக்கு விமானம் அடிக்கடி மனதில் வருகிறது. 2,400 அடிக்கு இறங்குமாறு சொன்ன கட்டுப்பாட்டாளர் "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார். முதலில் வந்த "டூ" எண்ணாகக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள 'to' என்ற சொல்லாக, அதாவது '400 அடிக்கு' என்பதில் வரும் 'க்கு' போல, விமானி காதில் விழுந்தது. "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று அவர் திருப்பிச் சொன்னதும் உண்மை. அதை யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதியது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். திருப்பிச் சொல்வது விமானியின் கடமை என்றால், அதை உன்னிப்பாகக் கேட்டுச் சரிபார்ப்பது எங்கள் கடமை. சொல்லி முடித்ததுமே எங்கள் மனம் அடுத்த விமானத்துக்குப் போய்விடுகிறது. நாங்கள் சொன்னதைத்தான் அவர் சொல்லியிருப்பார் என்று காதும் நம்பிவிடுகிறது.

1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் இதைவிடப் பெரிய கொடுமை நடந்தது. பனிமூட்டத்தில் கேஎல்எம் என்ற டச்சு நிறுவனத்தின் விமானம் புறப்படுவதற்காக ஓடுபாதையின் ஒரு முனையில் நின்றது. பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் அதே ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது. 'காத்திருங்கள்' என்ற கோபுரத்தின் சொல்லும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்ற பான் ஆமின் சொல்லும் ஒரே நேரத்தில் கிளம்பி மோதிக்கொண்டன. கேஎல்எம் விமானி அறையில் கேட்டது பெரும்பாலும் கீச்சொலிதான். விமானம் புறப்பட்டு ஓடி, பான் ஆம் மீது மோதியது. 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் 'டேக் ஆஃப்' என்று சொல்லக் கூடாது என்ற விதி வந்தது.

ஆனால் எனக்கு மறக்க முடியாதவர், கேஎல்எம் விமானி அறையில் கேப்டனோடு இருந்த விமானப் பொறியாளர். பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று அவர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பேச்சு அதோடு நின்றுபோனது. அவருக்கு வந்த சந்தேகம் சரியானது, நேரத்துக்கும் வந்தது. அதை மறுபடி கேட்க வைக்கும் சூழல்தான் அந்த அறையில் இல்லாமல் போனது.

அந்த இரவு என் குரலில் இருந்த கடுப்பும் அதே காரியத்தைச் செய்திருக்கக்கூடும். பயிற்சி முடித்துப் புதிதாக வந்த ஒருவர் உங்கள் இடத்தில் இருந்திருந்தால், இரண்டாவது பதிலிலேயே வாயடைத்துப்போய்ப் பத்தாயிரத்துக்கு இறங்கியிருப்பார். அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. என்னை மன்னியுங்கள்.

அந்தத் தவறை நானே எழுதி மேலிடத்துக்குக் கொடுத்துவிட்டேன். புதியவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது அந்தப் பதிவைத்தான் முதலில் போடுகிறேன். என் எரிச்சல் வரும் இடத்தில் சிலர் தலைகுனிகிறார்கள். உங்கள் மூன்றாவது கேள்வி வரும் இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை ஓடவிடுகிறேன்.

இப்படிக்கு,
கோபுரத்திலிருந்து ஒருவர்