வாடகை வரம்பும் வீட்டுக்காரர் உரிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடகைக் கட்டுப்பாட்டை நாடு முழுவதும் கொண்டுவந்தால் சொத்துரிமையே பறிபோகும் என்கிறார்கள். நான் இருபது வருடமாக வாடகை வீட்டில் இருப்பவள். ஒப்பந்தம் முடியும் மாதம் வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். மகளின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்த கோடுகளை மூன்று வீடுகளில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஜெர்மனியில் தனி மாநிலமாகவும் இருக்கும் பெர்லின் நகரில் 2020-இல் வாடகையை உறையவைத்த சட்டம் 2021-இல் ரத்தானதைப் பலரும் இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். சொத்துரிமையைப் பறித்தது என்பதற்காக நீதிமன்றம் அதை ரத்து செய்யவில்லை. அந்த விஷயத்தில் மத்திய அரசு ஏற்கெனவே சட்டம் போட்டுவிட்டதால் மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்றுதான் சொன்னது.

அதற்காக வீட்டுக்காரர்களின் கவலை பொய் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 1994-இல் சிறிய பழைய கட்டடங்களுக்கும் கட்டுப்பாட்டை நீட்டித்தது. குடியிருந்தவர்கள் நிம்மதியாகத் தங்கினார்கள், உண்மைதான். ஆனால் உரிமையாளர்கள் பலர் வீடுகளை விற்பனைக்கு மாற்றிவிட, அந்தக் கட்டடங்களில் வாடகைக்குக் கிடைத்த வீடுகள் சுமார் 15 சதவீதம் குறைந்தன என்று பிற்பாடு பொருளாதார ஆய்வு ஒன்று கண்டது. புதிதாக வீடு தேடியவர்கள்தான் திண்டாடினார்கள்.

சரி, அப்படியானால் வாடகையை உறையவைக்க வேண்டாம். ஆண்டு உயர்வை விலைவாசியோடு கட்டிப்போடுங்கள். ரிப்பேர் செலவை ஈடுகட்ட வழி விடுங்கள். புதிய வீடுகளுக்குச் சில ஆண்டுகள் விலக்கு கொடுங்கள். காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்வதை மட்டும் நாடு முழுவதும் உடனே தடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாடகைதாரர்